முப்பத்தோராவது படி

சனிக்கிழமை ஒரு தடவை செத்தது. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை. இரண்டு தடவையும் அதே முப்பத்தோராவது படியில், ஒரு முனகல்கூட இல்லாமல். திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மூன்றாவது தடவையாக அந்தக் கணக்கை ஓட்டிவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தடவை சாவதென்றால் என் கண் முன்னால் சாகட்டும்.

எங்கள் பட்டறையில் மொத்தம் மூன்று பேர். நடத்துவது என் அண்ணன். உடைந்துபோன, வெட்டி எடுத்த எலும்புகளுக்குப் பதிலாக உடம்புக்குள் வைக்கும் உலோகத் துண்டுகளை வடிவமைப்பது எங்கள் தொழில். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் வரும். அதைப் பார்த்து வடிவம் போடுகிறவர் ஒரு முன்னாள் பல் டெக்னீஷியன். இருபது வருடத்தில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை என்பதால் அவருக்குச் சாது என்று பெயர் வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பதும், சாது போட்ட வடிவம் தாங்குமா தாங்காதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதும் என் வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வருவது உண்மைதான். காரணம் இல்லாமல் வந்ததாக நினைவில்லை.

இந்தத் தடவை வந்திருந்தது ஒரு கீழ்த்தாடை. மொத்தப் பழச்சந்தையில் ஏலம் விடுகிறவர் ஒருவர். லாரியின் பின்கதவு கழன்று முகத்தில் விழுந்து, இடது பக்கத் தாடை நொறுங்கி, சீழ் பிடித்து, கடைசியில் அந்தப் பாதியை எடுத்தே விட்டார்கள். ஏழு மாதமாகக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. பேசினால் அவர் மனைவிக்கு மட்டும் பாதி புரியும். அந்த மனுஷனுக்கு வாய்தான் தொழில்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதைச் செய்யத் தெரிந்த டாக்டர் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை ஆறு மாதப் பயிற்சிக்கு வெளிநாடு போகிறார். அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் மிச்சமிருக்கும் தசையும் சுருங்கிவிடும், அதற்கப்புறம் தாடை வைத்தாலும் பேச்சு வராது என்று எழுதியே கொடுத்திருந்தார். தாடையை உலோகத்தில் அச்சடிப்பது ஊருக்கு வெளியே இருக்கும் தொழிற்சாலை. அவர்கள் வாரம் ஒரு தடவைதான் மெஷினை நிரப்புவார்கள். திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குள் வடிவமும், அது தாங்கும் என்கிற ரிப்போர்ட்டும் போய்ச் சேர்ந்தால் அந்த வாரம் அச்சாகும். நாலு மணி ஒரு நிமிடத்துக்குப் போனால் அடுத்த வாரம்தான்.

ரிப்போர்ட் என்பது என் கணக்கு. தாடை கடிக்கும் பலத்தை நாற்பது படியாகப் பிரித்து, மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது. முதல் படி உதட்டைச் சேர்க்கிற அழுத்தம். நாற்பதாவது படி முழுக் கடி. ஒவ்வொரு படியிலும் தாடையாக வைக்கும் உலோகத் தட்டு எங்கே வளைகிறது, அதை எலும்போடு பிணைக்கும் எந்தத் திருகுத் துளையில் பாரம் சேருகிறது என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் மெமரியில் வைத்துக்கொண்டே போகும். படி ஏற ஏற மெமரி கேட்கும். ஒரு படிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம். எட்டரை மணி நேர வேலை.

எங்கள் கம்ப்யூட்டரில் மெமரி பதினாறு ஜிபி. அதற்கு மேல் போட அந்தக் கிழட்டு போர்டில் இடம் கிடையாது. மெமரி நிறைந்தால் வழிவதைப் போட்டு வைக்க ஸ்வாப் என்று ஓர் இடம் இருக்கும், அது ஆறு ஜிபி. ஆக இருபத்திரண்டு. இந்தத் தாடைக்கு இருபது வேண்டும் என்று நான் மதிப்புப் போட்டிருந்தேன். தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு நாளும் கணக்கு பதினைந்தைத் தொட்டதும் மெமரி தீர்ந்துவிட்டது என்று சொல்லி சிஸ்டமே அதைக் கொன்றிருந்தது. மெமரி தீர்ந்தால் யார் அதிகம் தின்கிறார்களோ அவர்களைப் பார்த்துப் போட்டுத்தள்ளுவது அதன் வழக்கம். பதினைந்து போனால் மீதி ஏழு. சிஸ்டத்துக்கே ஒன்று. அந்த ஆறை எவன் தின்றான் என்பதுதான் என் தலையைத் தின்றுகொண்டிருந்த கேள்வி.

சனிக்கிழமை சாதுவைச் சந்தேகப்பட்டேன். அவர் பிரவுசரில் முப்பது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் மூட மாட்டார். மூட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதில் போட்டுக் கேட்கும் பாட்டைச் சந்தேகப்பட்டேன். அதையும் நிறுத்தினேன். திங்கட்கிழமை காலை அந்த மெஷினை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, திரை, கீபோர்டு, மவுஸைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். வெளிக் கம்ப்யூட்டர் எதையும் வாடகைக்கு எடுக்கவும் முடியாது. நோயாளியின் ஸ்கேன் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம்.

எட்டு மணிக்கு ஏலக்காரரின் மனைவி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கையில் ஒரு துணிப்பை, கண்ணில் தூக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் பட்டறையில் கேளுங்கள் என்கிறார்களாம், போன் பண்ணினால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நாங்களும் சொல்கிறோமாம். அதனால் நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். வந்தவர் போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். திரையில் பெரிதாக ஓடும் எண் என்ன என்று மட்டும் கேட்டார். படி என்றேன், நாற்பது வந்தால் நாம் ஜெயித்தோம் என்றேன். அப்போது பத்து காட்டியது. அவர் அதற்கப்புறம் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அண்ணன் என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குசுகுசுத்தான். வடிவத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துத்தானே கணக்குப் போடுகிறாய், கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் மெமரி பாதிதானே ஆகும், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, முடிந்துவிடும். ஆனால் திருகுத் துளை ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவு. பெரிய கட்டம் போட்டால் துளையைச் சுற்றிச் சேரும் பாரம் எல்லாம் சராசரியாகி, திரையில் எல்லாம் ஆபத்தில்லாத பச்சையாகத் தெரியும். ரிப்போர்ட் அழகாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த மனுஷன் ஏதாவது கடிக்கும்போது தாடைக்குள்ளேயே தட்டு ஒடியும்.

"உன் வாய்க்கு அப்படி ஒரு தட்ட வச்சுப்பியா அண்ணா?" என்று கேட்டேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. என் அண்ணன் கெட்டவன் இல்லை. பயம் வந்தால் குறுக்கு வழி தேடுகிற ஆள், அவ்வளவுதான். காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பதினொன்று இருபதுக்குப் படி இருபத்தாறு. கணக்கு தின்றது பன்னிரண்டரை. திரையில் மெமரி முழுக்க நிறைந்து, ஸ்வாப் மூன்றரை செலவாகியிருப்பதாகக் காட்டியது. பன்னிரண்டரையைத் தின்பவனுக்குப் பதினாறு ஏன் போதவில்லை என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேஜை மேல் எறிந்தேன். அது உருண்டு கீழே விழுந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. முனகிக்கொண்டே மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன்.

பேனாவை எடுத்துவிட்டு நிமிரும்போதுதான் பெட்டியின் முகப்பைப் பார்த்தேன். இரண்டு சின்ன விளக்குகள். ஒன்று கம்ப்யூட்டர் ஓடுகிறது என்பதற்கு, அது எரிந்தது. இன்னொன்று ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிறது என்பதற்கு, அது அணைந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் பார்த்தேன். ஒரு சிமிட்டல்கூட இல்லை. காதை வைத்துக் கேட்டேன். எங்கள் டிஸ்க் வேலை செய்தால் கிழவன் இருமுவது போல் கடகடவென்று சத்தம் வரும். இப்போது ஒன்றும் இல்லை. ஸ்வாப்பில் மூன்றரை ஜிபி எழுதியாகிவிட்டது என்கிறது திரை, டிஸ்க் தூங்குகிறது. அப்படியானால் எங்கேதான் எழுதுகிறது?

மேலே வந்து, கம்ப்யூட்டர் எழுந்ததும் படிக்கிற தொடக்க ஃபைலைத் திறந்தேன். அங்கே இருந்தது. எவனோ ஒரு மகானுபாவன் மெமரியிலிருந்தே ஆறு ஜிபியைப் பிய்த்து எடுத்து, அதை ஒரு டிஸ்க் மாதிரி வேஷம் போட வைத்து, அந்த மெமரி டிஸ்கையே ஸ்வாப்பாகக் கட்டியிருந்தான். மேஜையில் இடம் இல்லை என்று ஒரு பெரிய பெட்டியை வாங்கி வந்து, அதே மேஜை மேல் வைத்து, சாமான்களை அதற்குள் போடுவதைப் போல. இடம் கூடவே இல்லை. பதினாறில் ஆறு போனால் பத்து, பத்தோடு ஸ்வாப் ஆறு சேர்ந்தால் மறுபடி அதே பதினாறு. நான்தான் இருபத்திரண்டு என்று கூட்டிக்கொண்டிருந்தேன்.

இவனைக் கையில் பிடித்தால் என்ன செய்வேன் என்று வாய்விட்டே திட்டினேன். முட்டாள், மூளையை அடகு வைத்தவன், இன்னும் இங்கே எழுத முடியாத ரெண்டு மூன்று. அந்த வரிக்கு மேலே எழுதியவர் குறிப்பு ஒன்று இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. "இனி ஸ்வாப் பறக்கும், சத்தமும் இருக்காது." கீழே என் பெயரின் முதல் எழுத்து.

நினைவு வந்துவிட்டது. டிஸ்க் சத்தம் தாங்கவில்லை என்று அண்ணன் நாள் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது நாங்கள் செய்ததெல்லாம் விரல் எலும்பு, மூக்கெலும்பு. பதினாறு ஜிபியில் பாதிகூட ஆகாது. ஒரு மத்தியான நேரத்து உற்சாகத்தில் இதைச் செய்துவிட்டு, பார்த்தாயா எவ்வளவு வேகம், எவ்வளவு அமைதி என்று அவனிடம் பீற்றிக்கொண்டேன். அவனும் தலையாட்டினான். ஸ்வாப்புக்கு வேலையே இல்லாத காலத்தில் அது வேகமாக இருந்தால் என்ன, மெதுவாக இருந்தால் என்ன. அதற்கப்புறம் சுத்தமாக மறந்துபோனேன்.

மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இனிச் செய்ய வேண்டியதற்கு அண்ணனின் அனுமதி வேண்டும், அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கூப்பிட்டேன். சாதுவும் வந்தார். பெஞ்சில் இருந்த அக்காவும் எழுந்து வந்து நின்றார். ரெண்டு நாளாகக் கணக்கைக் கொன்றது சாதுவின் பிரவுசரும் இல்லை, அண்ணனின் பாட்டும் இல்லை, நான்தான் என்று சொன்னேன்.

அண்ணனுக்கு வாழ்நாளில் இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினார்.

"தப்பு யாருதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்மா. நாலு மணிக்குள்ள ஆகுமா, அத மட்டும் சொல்லுங்க."

முதலிலிருந்து ஓட்ட நேரம் இல்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து, எட்டரை மணி நேரம் எங்கே கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கைச் சாகாமல் காப்பாற்றி, ஓட ஓடவே இடத்தை மாற்றியாக வேண்டும். ஹார்ட் டிஸ்கில் ஒரு பெரிய ஃபைலை உருவாக்கி, அதை ஸ்வாப்பாகச் சேர்ப்பது முதல் வேலை. மெமரி டிஸ்கில் இருப்பதையெல்லாம் அதற்கு மாற்றிவிட்டு, மெமரி டிஸ்கைக் கலைத்து, அந்த ஆறு ஜிபியைக் கணக்குக்கே திருப்பிக் கொடுப்பது இரண்டாவது. வரிசை மாறினால் கதை முடிந்தது. ஆகும் என்று அக்காவிடம் சொன்னேன். சத்தமாகச் சொன்னால் எனக்கே தைரியம் வரும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

கணக்கை அப்படியே உறைய வைத்தேன். கொல்லாமல், இருந்த இடத்திலேயே மூச்சைப் பிடித்து நிற்க வைக்கிற கட்டளை ஒன்று இருக்கிறது. எண் இருபத்தெட்டில் நின்றது. அக்காவின் கை துணிப்பையின் காதைப் பிசைந்தது. நான்தான் நிறுத்தியிருக்கிறேன், அது சாகவில்லை என்று திரும்பாமலேயே சொன்னேன்.

பதினாறு ஜிபியில் ஒரு ஃபைல் வேண்டும். டிஸ்கில் மிச்சம் இருந்தது மூன்று. என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், முப்பது ஜிபிக்கு என் அண்ணன் மகனின் நீச்சல் போட்டி வீடியோக்கள். பயலுக்கு ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரை, ஒரு குளம் பாக்கி இல்லாமல். வீட்டில் வைத்தால் அண்ணி அழித்துவிடுவாள் என்று இங்கே கொண்டுவந்து வைத்திருந்தான். வேறு பிரதி கிடையாது. இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்றால் எங்கள் வயரின் வேகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

திரையைக் காட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்காவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குனிந்து என் காதருகில் சொன்னான்.

"ஜெயிச்சதெல்லாம் இருக்கட்டும். தோத்ததெல்லாம் அழிச்சிடு."

தோற்றது இருபத்திரண்டு ஜிபி இருந்தது. என் மருமகன் நல்ல பிள்ளை, நீச்சல்தான் கொஞ்சம் அப்படி இப்படி. அண்ணனே பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் அழித்துக்கொண்டே வந்தேன். ஒரு வீடியோவில் மட்டும் தயங்கினான். நாலாவதாக வந்தாலும் அந்தத் தடவை மேலே வந்ததும் கேமராவைப் பார்த்துக் கையாட்டினான் என்றான். அதை விட்டுவைத்தேன். அந்த நேரத்தில் என் அண்ணன் மேல் எனக்கு வந்த பிரியத்தை அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை. சொன்னால் அவனைக் கையில் பிடிக்க முடியாது.

அவசரத்தில் ஒரு அசட்டு வேலையும் செய்தேன். பதினாறு ஜிபி என்று பேருக்கு அளவு மட்டும் காட்டுகிற ஒரு வெற்று ஃபைலை ஒரே நொடியில் உருவாக்கி, இதை ஸ்வாப்பாக எடுத்துக்கொள் என்றேன். இதில் ஓட்டை இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்று சிஸ்டம் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. சரியாகத்தான் சொன்னது. பேருக்கு இருக்கும் இடத்தை நம்பித்தானே ரெண்டு நாள் செத்தோம். அதை அழித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒவ்வோர் அங்குலமும் பூஜ்யத்தால் நிரப்பி நிஜமான ஃபைலாக எழுதச் சொன்னேன். மேஜைக்கு அடியில் கிழவன் இருமத் தொடங்கினான். மூன்று வருடமாக நான் வாயை அடைத்து வைத்திருந்த டிஸ்க். எழுதி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. நான்கு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றோம்.

ஃபைலை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, ஸ்வாப்பாக வடிவமைத்து, சேர்த்தேன். திரையில் ஸ்வாப் ஆறிலிருந்து இருபத்திரண்டாக ஏறியது. இனிதான் கண்டம். மெமரி டிஸ்கை ஸ்வாப்பிலிருந்து விலகச் சொன்னால், அதில் இருக்கும் நாலரை ஜிபியும் முதலில் மெமரிக்குத் திரும்ப வேண்டும். அங்கே இடமில்லாததால் வேறு நாலரை ஜிபி புதிய ஃபைலுக்குப் போக வேண்டும். இந்தக் கைமாற்றில் ஒரு நொடி மூச்சுமுட்டினாலும், அதிகம் தின்கிறவனைத் தேடி சிஸ்டம் கத்தியைத் தூக்கும். அதிகம் தின்கிறவன் எங்கள் தாடைதான்.

என்டர் தட்டினேன். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. மவுஸை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி மூன்று நொடி கழித்து நகர்ந்தது. சாது என் பின்னால் நின்று பழைய ஸ்வாப்பில் மிச்சம் இருப்பதை வாசித்துக்கொண்டே வந்தார். நாலு. மூன்றரை. மூன்றரை. மூன்றரையிலேயே நின்றது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று என்றார் சாது. பிறகு மளமளவென்று இறங்கியது. பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பூஜ்யம். மெமரி டிஸ்கைக் கலைத்தேன். மூன்று வருடமாக என் மெமரியில் குந்தியிருந்த ஆறு ஜிபி ஒரே நொடியில் காலியாகத் திரும்பி வந்தது.

கணக்கை அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இருபத்தெட்டு இருபத்தொன்பதாக மாறியது.

முப்பது வந்தது. முப்பத்தொன்று வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. மெமரி பதினைந்தைத் தொட்டது. ரெண்டு நாளும் செத்த இடம். அது பதினைந்து புள்ளி இரண்டு ஆனது, மூன்று ஆனது, கடகடவென்று டிஸ்கில் எழுதியது, ஒன்றும் ஆகவில்லை. முப்பத்திரண்டு என்று திரை மாறியதும் சாது ஒரு சத்தம் போட்டார். வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் சத்தம். இருபது வருடத்தில் முதல் தடவை. அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். ஆனால் கண்ணை எண்ணிலிருந்து எடுக்காமல்.

கடைசிப் படிகள் மெதுவாகப் போயின. டிஸ்க் மெமரி மாதிரி ஓடாது, ஒவ்வொரு படிக்கும் பதினாறு பதினேழு நிமிடம் எடுத்தது. நான் ஒரு காகிதத்தில் நேரத்தைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன். மூன்றே முக்கால் வந்தது. ஒரு தடவை நாலு ஐந்து வந்தது. அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். முப்பத்தேழாவது படியில் மூன்றாவது திருகுத் துளையின் ஓரம் மஞ்சளாக மாறியது. தாங்குகிற எல்லையில் எழுபது சதவீதம் என்றார் சாது. முழுக் கடியில் எண்பதைத் தாண்டாது என்றார். பெரிய கட்டம் போட்டிருந்தால் அந்த மஞ்சளே தெரிந்திருக்காது. அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாற்பத்தாறுக்கு நாற்பது. மூன்றாவது துளை எழுபத்தெட்டு சதவீதத்தில் நின்றது. தாடை தாங்கியது. ரிப்போர்ட் எழுத மூன்று நிமிடம், சாது அதில் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம். ஸ்கேன் இல்லாமல் வடிவத்தையும் கணக்கையும் மட்டும் அனுப்ப ஒப்பந்தத்தில் தடையில்லை. அண்ணனே அனுப்பும் பொத்தானை அமுக்கினான். அமுக்கிவிட்டு, தொழிற்சாலைக்குப் போனும் போட்டு, வந்ததா வந்ததா என்று அவர்களைப் பிடுங்கி எடுத்தான். மூன்று ஐம்பத்தைந்துக்கு அவர்களிடமிருந்து பதில் வந்தது. இந்த வார அச்சில் சேர்க்கப்பட்டது என்று ஒரே வரி.

அக்காவிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பசிக்கிறது என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். எங்களில் யாரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணன் போய் ஆறு பேர் சாப்பிடுகிற அளவுக்கு வாங்கி வந்தான். நால்வரும் பிரிண்டரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அந்த மேஜையில் சாப்பிட்டோம்.

தொடக்க ஃபைலில் அந்தப் பழைய வரியை அன்றே எடுத்துவிட்டேன். புதிய ஃபைலின் பெயரை எழுதினேன். என் குறிப்பை மட்டும் அழிக்கவில்லை, கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: இது முட்டாள்தனம், செய்தது நான், இனி டிஸ்க் இருமட்டும். அண்ணன் அதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினான். அண்ணி அதை ஊரெல்லாம் காட்டினாள். காட்டட்டும்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு இடுப்பெலும்பு, இரண்டு தோள்பட்டை. தாடையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாவிட்டாலும் நான் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டு தாங்கும் என்று என்னால் சொல்ல முடியும். பேச்சு வருமா என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, பட்டறையைத் திறந்த கையோடு போன் அடித்தது. அக்கா. பின்னால் ஒரே இரைச்சல், வண்டிச் சத்தம், ஆட்கள் சத்தம். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஸ்பீக்கர்ல போடும்மா. எல்லாரும் கேக்கணும்," என்றார்.

போட்டேன். சாது எழுந்து வந்தார். அண்ணன் கையில் வைத்திருந்த சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் மேஜையில் வைத்தான். இரைச்சலுக்கு மேலே ஓர் ஆண் குரல் எழும்பியது. கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் முழுசாக இருந்தது. ஒருதரம் என்றது. சந்தையின் சத்தம் அடங்கியது. ரெண்டுதரம் என்றது. பழப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று வாங்க வந்திருப்பவர்கள் மாதிரி நாங்கள் மூவரும் அந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் வேண்டுமென்றே இழுத்தடித்தார், தொழில் தெரிந்தவர். பிறகு சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி அந்த வார்த்தையை ஓங்கிப் போட்டார்.

"மூணுதரம்."